நஷ்டத்தில் ஒரு பங்கு

முதல் தடவை வந்தபோது ஸாகிப் "பாய்" என்றான். இரண்டாம் தடவை "அங்கிள்" என்றான். மூன்றாம் தடவை வாசலில் ஷூவைக் கழற்றும்போதே, "மாமா, மாமி, சௌக்கியமா?" என்று கேட்டுக்கொண்டு உள்ளே வந்தான். ஜரினாவுக்குச் சுருக்கென்றது. இருபதே நாளில் இவ்வளவு நெருங்கி வருகிற உறவு எதைத் தூக்கிக்கொண்டு போக வருகிறது?

எதை என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. ஒன்பது லட்சம் ரூபாய். உப்பளம் கடைத்தெருவில் முப்பத்தோரு வருஷம் நடத்திய ஹார்டுவேர் கடையை, முட்டி தேய்ந்து ஏணி ஏற முடியாமல் போனதால், அவள் புருஷன் சிராஜுதீன் சரக்கோடு கைமாற்றிவிட்டதில் வந்த பணம். இனிமேல் இருவருக்கும் சோறும் மாத்திரையும் அதிலிருந்துதான். ஒரே மகள் நிதா சென்னையில் ஆடிட்டர் ஆபீஸில் இருக்கிறாள். அவள் கையை எதிர்பார்க்க இரண்டு பேருக்கும் மனசு வரவில்லை.

சிராஜுதீன் வட்டி தொடாத மனுஷன். ஃபிக்சட் டெபாசிட் போடச் சொன்ன பேங்க் மேனேஜரிடம், "அந்த நெருப்பு நமக்கு வேணாம் சார்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். அதனால் பணம் கரண்ட் அக்கவுண்டில் சும்மா கிடந்தது. பருப்பு விலையும் மருந்து விலையும் ஏற ஏற, கிடக்கிற பணம் இளைக்கிறது என்று அவருக்கும் புரிந்தது. வேறு வழி தேடி டிவியில் பங்குச் சந்தைச் செய்தி பார்க்க ஆரம்பித்தார். அந்த நேரம் பார்த்தா சந்தை சாமியாட வேண்டும்? திங்கட்கிழமை ஆயிரம் புள்ளி விழும். புதன்கிழமை எழுநூறு ஏறும். வெள்ளிக்கிழமை மறுபடியும் தலைகுப்புற. பார்த்துக்கொண்டிருந்தவருக்கு பிரஷர்தான் ஏறியது.

அப்போதுதான் தேவதாஸ் இந்த ஸாகிப்பைக் கூட்டிவந்தார். தேவதாஸ் சின்ன வயசுக் கூட்டாளி. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து வந்தவர், மாசம் பிறந்தால் யூரோவில் பென்ஷன். ரெட்டியார்பாளையத்தில் அவர் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஸாகிப்பின் ஏசி ஆபீஸ்.

"விழும்போது வாங்கறவன்தான் மாமா ஜெயிப்பான்" என்பது ஸாகிப்பின் பாட்டு. "ஊரே பயந்துபோய் விக்குது. நாங்க நல்லதா பாத்துப் பொறுக்கறோம். சாராயக் கம்பெனி கிடையாது, வட்டிக் கம்பெனி கிடையாது. முழுக்க ஹலால். மாசம் ரெண்டு பர்சென்ட் லாபம் உங்க கைக்கு வந்துடும்."

தேவதாஸ் ஐந்து லட்சம் போட்டிருந்தார். நாலு மாசமாகப் பத்தாயிரம், பத்தாயிரம் என்று வந்ததை பாஸ்புக்கோடு காட்டினார். சிராஜுதீனுக்குக் கண் விரிந்தது. ஜரினாவுக்குச் சுருங்கியது.

ஏன் என்று கேட்டால் அவளால் உடனே சொல்ல முடியாது. வீட்டிலேயே நைட்டி வாங்கி விற்கிறவள் அவள். ரம்ஜானுக்கு முந்தின மாசம் எண்பது போகும், அடைமழை மாசம் பதினொன்று போனால் பெரிசு. வரவு ஒரு மாசம் கொழுக்கும், ஒரு மாசம் எலும்பும் தோலுமாக வந்து நிற்கும். அந்த பாஸ்புக்கிலோ நாலு மாசமும் அச்சில் வார்த்த மாதிரி ஒரே பத்தாயிரம்.

வியாழக்கிழமை காலையில் மீன் அரிந்துகொண்டே சொல்லிப் பார்த்தாள்.

"எனக்கு என்னமோ சரியா படலங்க."

"உனக்கு எதுதான் சரியா பட்டுச்சு? மீன்காரிகிட்ட செவுளத் தூக்கிப் பாக்கற மாதிரி மனுஷனையும் பாக்கற."

"செவுள் பாக்காம வாங்குன மீன என்னிக்காச்சும் தின்னுருக்கீங்களா?"

"தேவதாஸ் என்னை ஏமாத்துவானா?"

"அண்ணன் ஏமாத்த மாட்டாரு. அண்ணன யாரு ஏமாத்தறாங்கன்னுதான் கேக்கறேன்."

சிராஜுதீன் பேப்பரை விரித்து முகத்தை மூடிக்கொண்டார். நாளைக்கு ஜும்மா முடிந்ததும் செக் கொடுப்பதாகச் சொல்லியாகிவிட்டது, அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை வந்தது. தொழுகை முடிந்து சிராஜுதீன் வந்தார், பின்னாலேயே ஸ்கூட்டரில் தேவதாஸ், அவருக்குப் பின்னால் காரில் ஸாகிப். மேஜையில் பத்திரம் விரிந்தது. பச்சைக் கரை போட்டு, மேலே பிறையெல்லாம் அச்சடித்த பத்திரம். ஜரினா டீயை வைத்துவிட்டு உள்ளே போகவில்லை. கதவோரம் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

செக்கில் பெயர் எழுதியாகிவிட்டது. தொகை எழுதியாகிவிட்டது. கையெழுத்துதான் பாக்கி. அவள் முகத்தைப் பார்த்த தேவதாஸுக்குப் பாவமாக இருந்திருக்க வேண்டும். நல்ல மனுஷர், ஆறுதல் சொல்லத்தான் வாயைத் திறந்தார்.

"தங்கச்சி, நீ இன்னாத்துக்கு பயப்படற? இது ராந்த் மாதிரிம்மா."

"ராந்த்துன்னா என்னண்ணே?"

"பிரெஞ்சுல சொல்றது. அந்தக் காலத்துல இங்க பெரிய வூட்டுக்காரங்கல்லாம் ராந்த்துலதான் சாப்ட்டாங்க. மொதல் அப்படியே தூங்கும். அதோட வட்டி மட்டும் தேதி தவறாம எழுந்து நடந்து வூட்டுக்கு வரும். புயல் அடிச்சாலும் வரும், சண்டை நடந்தாலும் வரும்."

சிராஜுதீனின் பேனா செக்குக்கு மேலே அப்படியே நின்றது.

"அங்கிள் சும்மா ஒரு உதாரணத்துக்குச் சொல்றாரு மாமா" என்று ஸாகிப் அவசரமாகச் சிரித்தான். "அது வட்டி. நம்மது லாபம்."

"லாபம்தானே தம்பி?" என்றாள் ஜரினா.

"சத்தியமா மாமி."

"போன மாசம் மார்க்கெட்டு அந்த விழு விழுந்துச்சே. அண்ணனுக்கு லாபம் குறையலியே?"

"அதான் மாமி எங்க திறமை."

"சரி. அதுக்கு முந்தின மாசம் ஏறுச்சு. அப்ப ஏன் கூடல? திறமை லீவுல போயிருந்துச்சா?"

தேவதாஸ் பக்கென்று சிரித்துவிட்டார். ஸாகிப் டீயை எடுத்தான், குடிக்காமல் வைத்தான்.

"ஏத்த இறக்கத்த உங்க தலையில போட மாட்டோம் மாமி. நஷ்டம் வந்தா கம்பெனி தாங்கிக்கும்."

"அது எங்களுக்கு ஆகாதுப்பா. நஷ்டத்துலயும் எங்களுக்குப் பங்கு வேணும். எழுதிக் குடு."

"தெய்வமே!" என்று தொடையில் தட்டினார் தேவதாஸ். "நஷ்டத்தக் கேட்டு வாங்கற பொம்பளைய இன்னிக்குத்தான் பாக்கறேன். சிராஜு, உன் பொண்டாட்டிய மியூசியத்துல வைக்கணும்டா."

சிராஜுதீன் சிரிக்கவில்லை. "அவ சொல்றது சரிதான்" என்றார் மெதுவாக. "கூட்டுன்னா ரெண்டுலயும் கூட்டு. நஷ்டம் இல்லாம வர்றது லாபம் இல்ல. வேற."

ஸாகிப் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "அவ்ளோதானே? ஒரு வரி, இப்பவே போட்டுடலாம்" என்று பத்திரத்தைத் தன் பக்கம் இழுத்து, பிறைக்குக் கீழே இருந்த இடத்தில் எழுதத் தொடங்கினான்.

அப்படி எழுத ஆரம்பிக்காமல் இருந்திருந்தால் அன்றைக்கு செக் அவன் பைக்குப் போயிருக்கும். ஜரினாவுக்கே அவ்வளவுதான் கேட்கத் தெரியும், அதற்குமேல் கேள்வி இல்லை. ஆனால் சலவைக்காரர் நோட்டில் இரண்டு சட்டை கூடச் சேர்ப்பது மாதிரி அவன் சேர்ப்பதைப் பார்த்ததும் வாய் தானாகக் கேட்டுவிட்டது.

"கம்பெனிப் பத்திரத்துல நீயே எழுதலாமா? மேல யார்கிட்டயும் கேக்க வேணாமா?"

"நான்தானே மாமி கம்பெனி."

சொன்ன பிறகுதான் அவனுக்கே காதில் விழுந்தது.

தேவதாஸ் நிமிர்ந்து உட்கார்ந்தார். "இன்னாப்பா சொல்ற? மெட்ராஸ்ல ஆபீசு, கம்ப்யூட்டர் முன்னாடி இருவது பேரு பங்கு பாக்கறாங்கன்ன?"

"இருக்காங்க அங்கிள். நான் சொன்னது…"

"எந்தத் தெருவுல?"

ஸாகிப் செல்போனை எடுத்து எதையோ தேடினான். தேடிக்கொண்டே இருந்தான். சிராஜுதீன் பேனாவை மூடினார். செக்கை நாலாக மடித்தார். அப்புறம் என்ன நினைத்தாரோ, மறுபடி பிரித்து, சின்னச் சின்னத் துண்டாகக் கிழித்து டீ தட்டில் போட்டார்.

"என் அஞ்சு லட்சத்த எடுத்துக்கறேன் தம்பி" என்றார் தேவதாஸ். குரலில் பழைய சிரிப்பு இல்லை.

"தொண்ணூறு நாள் நோட்டீஸ் குடுக்கணும் அங்கிள். ரூல்ஸ்."

"நீதானே கம்பெனி? ஒரு வரி அடிச்சுப் போடு."

ஸாகிப் பத்திரத்தைச் சுருட்டிக்கொண்டு எழுந்தான். "வரேன் பாய்" என்று சொல்லிவிட்டு ஷூவை சரியாக மாட்டாமலே காருக்குப் போனான்.

தேவதாஸ் வெகு நேரம் எழுந்திருக்கவில்லை. யூரோ பென்ஷன்காரர்தான், பட்டினி கிடக்க மாட்டார். ஆனாலும் ஐந்து லட்சம் அவர் சம்சாரம் போகும்போது விட்டுவிட்டுப் போன நகையை விற்ற காசு. ஜரினா ஆறிப்போன டீயைச் சுடவைத்துக் கொடுத்தாள்.

"நாளைக்குக் காலையில அவன் ஆபீசுக்கு நாங்களும் வரோம்ணே. வாயால கேக்க வேணாம். பணத்தத் திருப்பிக் குடுன்னு எழுதிக் குடுத்து, வாங்கிக்கிட்டதுக்குக் கையெழுத்து கேப்போம். போட மாட்டேன்னா நேரா போலீஸ் டேசன்."

"என்னால உனக்கும் போயிருக்கும் தங்கச்சி" என்றார் அவர்.

அவர் போன பிறகு நிதாவுக்கு ஃபோன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்கள். நடந்ததைக் கேட்ட மகள் முதலில் கத்தினாள். பங்குச் சந்தையைக் கண்காணிக்கிற செபியில் பதிவு பண்ணினவனா என்று பார்க்காமல் எப்படி உட்காரவைத்தீர்கள் என்று திட்டினாள். அப்புறம் நிதானமாகச் சொன்னாள்.

"அத்தா, மூணு வருஷச் சாப்பாட்டுக்கும் மருந்துக்கும் உள்ளத தொடவே தொடாதீங்க. மிச்சத்துல மாசா மாசம் கொஞ்சமா ஷரியத்துக்கு ஒத்த ஃபண்டுல போடலாம். அதுவும் இறங்கும். இப்ப இருக்கற நெலமையில போட்ட மறுநாளே இறங்கலாம். அஞ்சு வருஷம் பொறுக்க முடியும்னா மட்டும் போடுங்க. லாபம் வரும்னு நான் எழுதித் தர மாட்டேன்."

"என்னடி, பெத்த அப்பன இப்படி பயமுறுத்தற!" என்றார் சிராஜுதீன்.

ஜரினாவுக்கு மட்டும், இருபது நாளில் முதல்முறையாக, மூச்சு ஒழுங்காக வந்தது. ஆனாலும் செல்போனைக் கையில் எடுத்து வாயருகே கொண்டுபோனாள்.

"நிதா, இதுல உனக்கு எவ்ளோ கமிஷன்?"

அந்தப் பக்கம் மகள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"சிரிக்காத. சொல்லு" என்றாள் ஜரினா.