பங்காரம்மா சட்னியைக் கொதிக்க வைத்தது ஏன்?

1

இந்தக் கதை எனக்கு ஒரு புலம்பலாகத்தான் வந்து சேர்ந்தது. என் சித்தப்பா மகள் குழந்தையம்மாள் கோயம்புத்தூரில் ஒரு கல்லூரி ஆய்வுக்கூடத்தில் கிருமிகளைப் பற்றி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டாள்: "ஏனுங்ணா, தேங்காய்ச் சட்னிய யாராச்சும் கொதிக்க வெப்பாங்களா?"

அதோடு நிறுத்தியிருந்தால் சாப்பிட்டுவிட்டுத் தூங்கியிருப்பேன். முழுக்கச் சொல்லித் தொலைத்துவிட்டாள். இப்போது நீங்களும் சேர்ந்து மாட்டிக்கொண்டீர்கள்.

2

முதல் தொடக்கம்: "கண்ணுக்குத் தெரியாத எதிரி ஒன்று பெரியநாயக்கன்பாளையத்துக்குள் மெல்ல..."

[சகிக்கவில்லை.]

இரண்டாவது: "மேட்டுப்பாளையம் சாலையில் அந்திச் சூரியன்..."

[நடந்தது காலை இட்லி நேரத்தில். அந்தி எதற்கு?]

சரி, அலங்காரம் வேண்டாம். 1996. பெரியநாயக்கன்பாளையத்தில் பங்காரம்மா என்பவர் பட்டறை ஆட்களுக்காக ஒரு மெஸ் நடத்திவந்தார். ஒரு காலை அங்கே இட்லி சாப்பிட்ட பலருக்கு அன்று ராத்திரிக்குள் வாந்தி, பேதி, காய்ச்சல். யாரும் சாகவில்லை. (ஒருவரைச் சாகடித்தால் கதைக்கு வலு கூடும் என்றார் ஒரு நண்பர். அவரோடு நான் இப்போது பேசுவதில்லை.) சுகாதார அதிகாரி வந்து மெஸ்ஸைப் பூட்டினார். மிஞ்சியிருந்தது பிரிட்ஜில் ஒரு கிண்ணம் சட்னி மட்டும். அதைக் குழந்தையம்மாளின் ஆய்வுக்கூடத்துக்குப் பரிசோதனைக்கு அனுப்பும்படி பங்காரம்மாவிடம் சொன்னார். சால்மோனெல்லா என்ற கிருமி அதில் இல்லையென்றால் மெஸ்ஸைத் திறக்கலாம். இருந்தால் லைசென்ஸ் போச்சு. பங்காரம்மாவுக்கு வேறு பிழைப்பு இல்லை.

3

இது அறிவியல் பகுதி. தாண்டிப் போய்விடாதீர்கள். இதை எழுத நான் பட்ட பாட்டுக்காகவாவது படியுங்கள்.

கிருமியைக் கண்டுபிடிக்கக் குழந்தையம்மாளிடம் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, வளர்த்துப் பார்ப்பது. சட்னியில் கொஞ்சம் எடுத்துக் கிருமிக்குப் பிடித்த தீனியில் விட்டால், உயிரோடு இருப்பது பெருகும். பிறகு தட்டில் பரப்பினால் நடுவில் கறுத்த புள்ளிகளாக முளைக்கும். அதிலிருந்து தனியாகப் பிரித்தெடுக்கலாம். இன்னொன்று, அப்போதுதான் அவர்கள் கூடத்துக்கு வந்திருந்த பிசிஆர் எந்திரம். சால்மோனெல்லாவுக்கே உரிய ஒரு டிஎன்ஏ துண்டைத் தேடி, அதை இரண்டாக்கி, நாலாக்கி, எட்டாக்கிக் கோடிக்கணக்கில் பெருக்கும். அதை ஜெல் என்ற மெல்லிய கூழ்த் தகட்டில் ஓடவிட்டுப் புற ஊதா வெளிச்சத்தில் பார்த்தால் ஒரு கோடு தெரியும். கோடு தெரிந்தால் கிருமி இருக்கிறது.

"கிருமி இல்லீங்ணா, கிருமியோட டிஎன்ஏ" என்று திருத்தினாள்.

"ரெண்டும் ஒண்ணுதானே அம்மணி?"

"அய்யோ! அதையேதானுங்ணா அந்த அதிகாரியும் சொல்றாரு!"

எந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். போயிற்று. மறுபடியும் போயிற்று. ஒருவழியாக ஓடி முடிந்தபோது கோடு பளிச்சென்று தெரிந்தது. ஒப்பிடுவதற்காக சட்னிக்குப் பதில் வெறும் தண்ணீர் விட்டு வைத்த சோதனைக் குழாயில் கோடு இல்லை. ஆகவே அவள் கைப்பிசகு என்றும் சொல்ல முடியாது. ஆனால் தட்டில் எதுவுமே முளைக்கவில்லை. சால்மோனெல்லா மட்டுமல்ல, எந்தக் கிருமியும்.

"பழைய சட்னில ஒரு கிருமிகூட இல்லீன்னா அது சட்னியே இல்லீங்ணா" என்றாள். தட்டைப் பார்த்த மறுநாளே பஸ் ஏறி மெஸ்ஸுக்கே போய்விட்டாளாம்.

4

"ஏனுங்கம்மா, அந்தச் சட்னிய என்ன பண்ணுனீங்க?"

"என்ன பண்றது கண்ணு? பஸ்ஸுல போறதுக்குள்ள ஊசிப் போயிருமேன்னு நல்லா ஒரு கொதி உட்டுப்போட்டுத்தான் குடுத்தனுப்புனேன். காலேசுக்குப் போற பண்டமுங்க. நாத்தமடிச்சா நம்மளப் பத்தி என்ன நெனப்பாங்க?"

குழந்தையம்மாள் தலையில் கை வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாளாம். கொதித்ததில் கிருமியெல்லாம் செத்துவிட்டது. டிஎன்ஏ மிஞ்சியிருந்தது. "எங்க லேப்லயும் டிஎன்ஏ எடுக்கக் கொதிக்கத்தானுங்ணா வெப்போம். என் வேலைல பாதிய அந்தம்மாவே செஞ்சுபோட்டாங்க." பரிமாறும்போது அந்தக் கிருமி உயிரோடு இருந்ததா? இனி எந்த எந்திரத்தாலும் சொல்ல முடியாது.

இந்த இடத்தில்தான் பங்காரம்மா என் கைக்கு அடங்காமல் போகிறார். மெஸ்ஸில் மிஞ்சும் சட்னியைச் சுடவைத்து, மோர் ஊற்றி, ராத்திரிக்கு மோர்க்குழம்பாக்குவது வழக்கம். அந்தப் பழக்கத்தில் செய்திருக்கலாம். அல்லது, கொதித்தால் கிருமி சாகும் என்று தெரியாத மெஸ்காரி உண்டா? அப்பாவியாக எழுதினேன்: "அவர் கண்கள் கலங்க..." [அடித்துவிட்டேன். கலங்கியதாகக் குழந்தையம்மாள் சொல்லவில்லை.] தந்திரக்காரியாக எழுதினேன்: "உதட்டோரம் ஒரு சிரிப்பு..." [இதையும். சினிமா வில்லிபோல இருந்தது.] எழுதுகிறவனுக்கே தன் பாத்திரத்தைத் தெரியவில்லை என்றால் எரிச்சல் வராதா? எனக்கு வந்தது.

5

முடிவு, ஒன்று: குழந்தையம்மாள் இருந்ததை இருந்தபடி எழுதுகிறாள். "டிஎன்ஏ உண்டு. உயிருள்ள கிருமி கிடைக்கவில்லை. மாதிரி கொதிக்கவைக்கப்பட்டது." அதிகாரி முதல் வரியோடு நிறுத்திக்கொள்கிறார். மெஸ் ஒரேயடியாக மூடப்படுகிறது.

முடிவு, இரண்டு: கிருமி கிடைக்கவில்லை என்பதை மட்டும் எழுதுகிறாள். மெஸ் திறக்கிறது.

இரண்டாவதைப் படித்ததும் தாளை என் மேலேயே வீசினாள். "பொய்யிங்ணா இது! அந்தச் சட்னி சுத்தமா இருந்துச்சுன்னு நான் எப்படிச் சொல்றது?"

"அப்ப முதலாவது?"

"அதுவும் அநியாயமுங்ணா."

"கதைக்கு ஒரு முடிவு வேணுமே அம்மணி!"

"எனக்கு மட்டும் வேண்டாமுங்களா?"

6

நடந்ததாக அவள் சொன்னது இவ்வளவுதான். தண்ணீர்த் தொட்டியிலும் கிரைண்டரிலும் புதிதாக மாதிரி எடுக்க அவள் மறுபடி மெஸ்ஸுக்குப் போனாள். பங்காரம்மா பிளீச்சிங் பவுடர் போட்டு இடம் முழுக்கத் தேய்த்துக் கழுவி வைத்திருந்தார். மாதிரி எடுத்து முடிந்ததும் இலை போட்டார். ஆவி பறக்கும் இட்லியும், அதே கிரைண்டரில் அப்போதே அரைத்த சட்னியும் வைத்தார். பூட்டிய மெஸ்ஸுக்குள் யாரோ வந்திருக்கிறார்களே என்று பட்டறை ஆட்கள் வாசலில் கூடிவிட்டார்கள். காய்ச்சலில் படுத்து எழுந்தவர்களும் அதில் இருந்தார்கள்.

"சாப்புடுங்க அம்மணி. ரிப்போர்ட்டு எப்படியோ வரட்டும். நீங்க சாப்புட்டா இவங்க தெறந்தன்னைக்கே வந்துருவாங்க. நீங்க எந்திரிச்சுப் போனீங்கன்னா, அப்புறம் எந்த ரிப்போர்ட்டு வந்தும் புரோசனமில்லீங்க."

அந்தச் சட்னியில் என்ன இருக்கிறது என்று தெரிய இன்னும் சில நாளாகும். அது அவளுக்குத் தெரியும். வாசலில் நின்றவர்களுக்குத் தெரியாது.

"சாப்பிட்டியா?" என்று கேட்டேன்.

"நீங்களா இருந்தா?" என்றாள்.

அந்த இலைக்கு முன்னால் என்னை உட்காரவைத்து எழுதிப் பார்த்தேன், நடக்கவில்லை. அதனால் நான் எழுந்துகொள்கிறேன். நீங்கள் வந்து உட்காருங்கள். வாசலில் எல்லாரும் உங்களைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். பங்காரம்மா கரண்டியோடு பக்கத்தில் நிற்கிறார். இட்லி ஆறிக்கொண்டிருக்கிறது.