தெருவில் நின்று பார்த்தால் இடது

பழைய கைப்பிடிகளைக் கழற்றிய அன்று முன்னறையில் இருந்தவர்கள் இவர்கள்தான்: கால்வாய் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்ற அந்த வீட்டுப் பெரியவர், அவர் மனைவி, அவர்களுடைய ஒரே மகன், மருமகள், மகளைப் பார்க்க வந்திருந்த சம்பந்தி, எதைக் கேட்டாலும் "அரை நிமிஷம்" என்று சொல்லிச் சொல்லி, அதுவே பெயராகிப்போன தச்சர். வேறு யாரும் இல்லை. தாங்களும் இருந்ததாகப் பிற்பாடு சொல்லிக்கொண்டவர்கள் எல்லாம் காதால் கேட்டவர்கள்.

முன்னறை மகனும் மருமகளும் படுக்கும் அறை. தெருவைப் பார்த்த ஜன்னல்கள் மூன்று. மூன்றிலும் கைப்பிடி தேய்ந்து, சட்டத்தைக் கவ்வ வேண்டிய நாக்கு வழவழத்துப் போயிருந்தது. சாத்தினால் சாத்தின மாதிரி இருக்கும். காற்று ஒரு தட்டுத் தட்டினால் வாயைப் பிளந்துகொள்ளும். மழைக்காலம் முழுக்கச் சாரல் உள்ளே அடித்து, கட்டிலின் தலைமாட்டுச் சுவர் ஊறிப் பூசணம் பிடித்துவிட்டது. அந்தப் பூசணம் மருமகளின் நெஞ்சில் இழுப்பாக இறங்கியது. கல்யாணமாகி வந்த புதிதில் மாடிப்படியை இரண்டிரண்டாக ஏறியவள், இப்போது ஒரு வாளித் துணியைக் காயப்போட்டுவிட்டு உட்கார்ந்து மூச்சு வாங்கினாள்.

சம்பந்தி சத்தம் போடுகிற ஆள் இல்லை. பெரியவருக்கு அதுதான் தொந்தரவு. சத்தம் போடுகிறவரைப் பதிலுக்குச் சத்தம் போட்டு அடக்கிவிடலாம்.

"அடுத்த மழைக்குள்ள அறை காய்ஞ்சிருச்சுன்னா ஒண்ணும் இல்லைங்க சம்பந்தி. இல்லேன்னா ரெண்டு பேரும் நம்ம வீட்டு மாடியில வந்து இருக்கட்டும். சும்மாதான் கிடக்கு" என்று போன தடவை வந்தபோது சொல்லியிருந்தார்.

மகன் அப்போது தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பார்த்த விதத்திலேயே, கூப்பிட்டால் போய்விடுவான் என்று பெரியவருக்குத் தெரிந்துவிட்டது. பெண் கொடுத்த வீட்டில் போய் மகன் குடியிருப்பது அவருடைய தகப்பனார் காலத்திலோ பாட்டனார் காலத்திலோ நடக்காத காரியம். தன் காலத்தில் நடந்துவிட்டால் எந்த முகத்தோடு தெருவில் இறங்குவது? புதுக் கைப்பிடிகளுக்குத் தானே கடைக்கு ஃபோன் செய்து சொன்னார்.

இந்த இடத்தில் அந்த வீட்டு வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கால்வாயின் இடக்கரையும் வலக்கரையும் பார்க்கிறவன் நிற்கிற இடத்துக்குத் தகுந்தாற்போல் மாறுவதில்லை. தண்ணீர் போகிற திசையைப் பார்த்துச் சொன்னால் சொன்னதுதான். வேலைக்காலம் பூராவும் அப்படியே பேசிப் பழகியவர், வீட்டுக்கும் அதையே சட்டமாக்கிவிட்டார். தெருவிலிருந்து உள்ளே நுழைகிற திசைதான் திசை. உப்பு இடது அலமாரியில் இருக்கிறது என்றால், நுழைகிறவனுக்கு இடது. அந்த வீட்டில் மற்றவர்களும் அப்படித்தான் பேசினார்கள். மருமகள் வந்த புதிதில் தப்பான அலமாரிகளைத் திறந்து திறந்து முழித்துவிட்டுப் பிறகு பழகிக்கொண்டாள். "உங்க வீட்டுல வலது கையால சாப்பிடணும்னாகூடத் தெருவுல போய் நின்னு எது வலதுன்னு பாத்துட்டுத்தான் வரணும்போல" என்று கணவனைச் சீண்டுவாள்.

இந்தச் சட்டம் கடைக்காரருக்கு எப்படித் தெரியும்? கைப்பிடி விற்கிறவர்கள் அறைக்குள் நின்று ஜன்னலைப் பார்த்து இடது வலது சொல்கிறவர்கள். பெரியவர் மூன்றுக்கும் இடது என்றார். மூன்றும் இடதாகவே வந்தன. ஜன்னல்களுக்கு வேண்டியதோ வலது.

தச்சர் ஒன்றை எடுத்து ஜன்னலில் வைத்துப் பார்த்தார். கழுத்தைச் சாய்த்து இன்னொரு தடவை பார்த்தார்.

"ஐயா, அரை நிமிஷம். இதெல்லாம் இடது ஆச்சே."

"இடதுதான் கேட்டேன்."

"நாக்கு சட்டத்தைப் பாக்காம கீலைப் பாக்குதுங்க. மாப்பிள்ளைக்கு முதுகைக் காட்டிட்டு உக்காந்த பொண்ணு மாதிரி இருக்கு."

மகன் சிரித்துவிட்டான். பெரியவர் சிரிக்கவில்லை.

"என்னங்க," என்றார் மனைவி மெதுவாக, "நீங்க நம்ம கணக்குல, தெருவுல நின்னு பாத்து..." பெரியவர் திரும்பிப் பார்த்ததும் மிச்சத்தை முழுங்கிவிட்டார்.

"இதுல என்ன இருக்கு சம்பந்தி," என்றார் சம்பந்தி. "குடுங்க, நான் போற வழிதானே. கடையில மாத்திக் குடுத்துருவாங்க."

நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனால் தன் வீட்டு ஜன்னலுக்கான கைப்பிடியைச் சம்பந்தி பையில் போட்டுக்கொண்டு கடை ஏறி, "எங்க சம்பந்தி தப்பாச் சொல்லிட்டாரு" என்று நிற்கிற காட்சி பெரியவரின் கண்ணுக்குள் வந்து நின்றது.

அப்போது மருமகள் வாயைத் திறந்தாள். "மாமா சரியாத்தான் சொன்னாங்கப்பா. கடையிலேருந்து திரும்பக் கூப்பிட்டுக் கேட்டாங்க, நான்தான் ஏதோ ஞாபகத்துல மாத்திச் சொல்லிட்டேன்."

கடையிலிருந்து யாரும் கூப்பிடவில்லை. அது அந்த அறையில் தச்சரைத் தவிர எல்லோருக்கும் புரிந்தது. பெரியவரிடமிருந்து ஒரு தலையசைப்பு போதும், விஷயம் அதோடு முடிந்திருக்கும்.

"எனக்காக இந்த வீட்டுல யாரும் பொய் சொல்ல வேண்டாம்மா" என்றார் பெரியவர்.

அதற்கு அடுத்து வந்திருக்க வேண்டியது, தப்பு என்னுடையது என்ற வார்த்தை. தொண்டை வரை வந்தது. சம்பந்தி தேநீரைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் காத்திருந்தார். அந்தக் காத்திருப்பைப் பார்த்ததும் வந்த வார்த்தை உள்ளே போய்விட்டது.

"நான் கேட்டதும் சரி, அவன் அனுப்பினதும் சரி. தலைகீழா வெச்சு மாட்டுப்பா."

"மாட்டலாங்க ஐயா. நாக்கும் சட்டத்துல உக்காரும். ஆனா சாத்தினா பிடி மேல பாத்துல்ல நிக்கும்? தன் கனத்துல தானே விழுந்துரும்."

"புதுசு. இறுக்கமா இருக்கும்."

"புதுசு எத்தனை நாளைக்குங்க புதுசு?"

"உன்னை மாட்டத்தானே கூப்பிட்டேன்?"

தச்சர் அதற்குமேல் அரை நிமிஷமும் கேட்கவில்லை. ஸ்குரூடிரைவரை எடுத்தார். மருமகள் எழுந்து போய்விட்டாள்.

கொஞ்ச காலம் கைப்பிடிகள் பெரியவரின் மானத்தைக் காப்பாற்றின. சுவரைச் சுரண்டிப் பெயின்ட் அடித்தார்கள். இழுப்பு குறைந்தது. மருமகள் பழையபடி பாட்டு முணுமுணுத்துக்கொண்டு படி ஏறுவதைக் கேட்டு, பெரியவர் செய்தித்தாளுக்குப் பின்னால் முகத்தை வைத்துக்கொண்டார். பிறகு மழை தொடங்கியது. எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், காற்று குலுக்கிய குலுக்கலில் மூன்று பிடிகளும் ஒன்றன்பின் ஒன்றாகத் தொங்கிவிட்டன. போய்ப் பார்க்கும்போது மெத்தை சொட்டச் சொட்ட நனைந்திருந்தது.

"இப்பவாவது மாத்திரலாம்ப்பா" என்றான் மகன்.

"அதுக்கு என்கிட்ட வழி இருக்கு" என்றார்.

அவரிடம் சணல் கயிறு இருந்தது. வெள்ளக் காலத்தில் மதகுப் பலகையைக் கட்டுகிற முடிச்சு ஒன்று உண்டு. இழுபட இழுபட இறுகும். அந்த முடிச்சால் மூன்று கைப்பிடிகளையும் சட்டத்தில் ஆணி அடித்துக் கட்டினார். மழைக்கு எதிரே ஜன்னல்கள் கல் மாதிரி நின்றன. அவர் கட்டிய மதகு எதுவும் உடைந்ததில்லை. அறை மட்டும் காயவில்லை. நனைந்த மெத்தையின் ஈரமும் சுவரின் ஈரமும் வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே புழுங்கின.

மகன் வேலைக்குப் போயிருந்த ஒரு முற்பகலில் இழுப்பு மொத்தமாக வந்தது. பெரியவர் ஓடிப் போனபோது மருமகள் ஜன்னலடியில் மண்டியிட்டிருந்தாள். நகத்தால் முடிச்சைப் பிராண்டிக்கொண்டிருந்தாள். "காத்து... மாமா... திறங்க" என்றாள். அதைச் சொல்லவே அவளுக்குக் காற்று போதவில்லை.

பெரியவர் முடிச்சில் கை வைத்தார். ஈரத்தில் சணல் ஊதி இறுகியிருந்தது. அவர் போட்ட முடிச்சு அவருக்கே அவிழவில்லை. மனைவி அடுக்களையிலிருந்து கத்தியோடு ஓடி வந்து கயிற்றை அறுத்த பிறகுதான் ஜன்னல் திறந்தது. அன்று பிழைத்ததே பெரிது என்று டாக்டர் சொன்னார். யாரையும் குறை சொல்லவில்லை. என்ன நடந்தது என்று அவர் கேட்கவும் இல்லை.

சம்பந்தி காரோடு வந்தார். வந்தவர் கைப்பிடியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பெரியவர் அவர் பேசட்டும் என்று காத்திருந்தார். பேசியிருந்தால் பதில் சொல்லியிருக்கலாம்.

"போயிட்டு வரோம்ப்பா" என்றான் மகன்.

"ம்."

மருமகள் குனிந்து செருப்பை மாட்டினாள். நிமிர்வதற்கு நேரம் பிடித்தது. "நீங்களும் அத்தையும் அங்க வந்து இருக்கலாம் மாமா. இடம் இருக்கு."

"அந்த வீட்டுல எது இடது எது வலதுன்னு எனக்குத் தெரியாதும்மா" என்றார் பெரியவர்.

அவள் சிரிக்கப் பார்த்தாள். இருமல் வந்துவிட்டது. மகன் அவள் முதுகைத் தடவிக்கொண்டே அப்பாவைப் பார்த்தான். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் பெரியவர் தாங்கிக்கொண்டிருப்பார்.

மாமனார் மருமகளை வீட்டைவிட்டு அனுப்பிவிட்டார் என்று தெருவில் ஒரு பேச்சு இருக்கிறது. தவறு. யாரும் யாரையும் அனுப்பவில்லை. அவள் பெட்டியைக் கார் வரைக்கும் தூக்கிக்கொண்டு போனவர் பெரியவர்தான்.

அவர்கள் போன பிறகு அவர் மனம் மாறி, கடைக்குப் போய்ச் சரியான கைப்பிடிகளை வாங்கி மாட்டிவிட்டார், மழை விட்டதும் மகன் திரும்பி வருகிறான் என்றும் சொல்கிறார்கள். அதுவும் தவறு. அவர் மாட்டவில்லை. மகன் வரவில்லை.