பிரிக்காத கப்

கார் சக்கரத்தில் பேரிங் மாற்றினால், நடுவிலுள்ள ஹப்புக்குள் இறுகிக் கிடக்கும் இரும்பு வளையத்தையும், அதாவது கப்பையும், தட்டி எடுத்துவிட்டுப் புதியதை இறக்க வேண்டும். காரிமங்கலத்தில் பதினைந்து வருடமாக இதுதான் என் பிழைப்பு. அந்த வெள்ளிக்கிழமை ராஜாமணியின் அம்பாசிடர் முன்சக்கரத்தில், பஞ்ச் வைத்து அடித்தும் வாய்க்கு வந்தபடி திட்டியும் கப் அசையவில்லை. ஜும்ஆவுக்கு பாங்கு சொல்லிவிட்டார்கள். பளபளவென்றுதானே இருக்கிறது என்று பழைய கப்பிலேயே புது பேரிங்கை மாட்டிவிட்டுத் தொழப் போனேன்.

பத்தாம் நாள் பாப்பாரப்பட்டி ரோட்டில் அந்த முன்சக்கரம் இறுகி, கார் புளியமரத்தில் மோதியது. டிரைவர் மாது கையில் கட்டோடு வந்து நின்றான்.

"மொதலாளி என்னைய வேலைய வுட்டு நிறுத்திட்டாருங்க பாய். சர்தார் பாய் மாட்டுன பேரிங் போவாது, நீதான் கண்டபடி ஓட்டியிருப்பேங்கறாரு."

"நீ என்னடா சொன்ன?"

"எனக்கும் அப்பிடித்தாங்க தோணுது. நீங்க தப்பா மாட்டுவீங்களா?"

நான் உட்கார்ந்திருந்த டூல் பெட்டிக்குள்தான் அந்தப் புது கப், சுற்றிய எண்ணெய்த்தாள்கூடப் பிரிக்காமல் கிடந்தது. எழுந்து மூடியைத் திறந்தால் போதும்.

"டீ சொல்லட்டுமாடா?" என்றேன், எழுந்திருக்காமல்.