வலைக்காரி கட்டிய ஊஞ்சல்

கரை ஒதுங்கிய வலையை அறுத்து, அலசி, பிரித்து, முறுக்கி ஊஞ்சல் கட்டுவது பூ தொடுக்கிற வேலை அல்ல. நைலான் இழை விரலிடுக்கைக் கீறும். கீறலில் உப்புத்தண்ணீர் பட்டால் வாயில் நல்ல வார்த்தை வராது. வலைக்காரிக்கு அதெல்லாம் பழக்கம். துறைமுகத்தில் கிழிந்த வலை தைத்தே கை காய்த்தவள். இப்போது கிழிந்ததைக் கடலிலேயே விட்டுவிட்டு வருகிறார்கள். அலை அதைத் திருப்பிக் கொண்டுவந்து போடுகிறது. அவளுடைய கொட்டகை நிறைய அந்த வலைதான்.

கூட்டாளி அவளுடைய நாத்தனார். பொறுக்கிய பாட்டில் மூடிகளை நிறம் பிரித்து, நறுக்கி, இரும்பு அச்சில் உருக்கி அழுத்திப் பலகையாக்குவது அவள் பாடு. இந்த ஊஞ்சலுக்கு வந்த பலகை, நீலத்தில் வெள்ளை ஓடி, நடுவே சிவப்பு தெறித்திருந்தது.

"என் கண்ணே பட்டுடும் போல அண்ணி," என்றாள்.

மறுநாள் அது மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவுக்குப் போகவேண்டும். ஊசிக்குப் பயந்து அழுகிற பிள்ளைகள் ஆடுவதற்கு. அங்கே ஏதாவது கோளாறு என்றால் ஒரு பிள்ளை விழும். அதன்பிறகு இவர்கள் செய்ததை எவரும் தொடமாட்டார்கள்.

கொழுந்தன் வந்தான். மூட்டை தூக்குபவன், வாசலைப் பாதி அடைக்கிற உடம்பு.

"என்ன அண்ணி, குப்பைக்கு அலங்காரம் பண்ணித் தொங்கவிட்டிருக்கீங்க?"

"வாயைக் கொஞ்சம் மூடிட்டு உட்கார்ந்து பாருங்க தம்பி."

"நான் உட்கார்ந்தா உங்க கடையே மூடிடுமே!"

உட்கார்ந்தான். ஓர் ஆட்டம் நன்றாகத்தான் ஆடினான். அடுத்ததில் இடப்பக்கம் சர்ரென்று இறங்கியது. பலகை சரிந்து, ஆள் தரையில் கிடந்தான். நாத்தனார் சிரித்துவிட்டு, அண்ணியின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை விழுங்கினாள்.

"நல்லவேளை, நான் விழுந்தேன்," என்று அவன் இடுப்பைத் தேய்த்தான். "குப்பை குப்பைதான் அண்ணி."

வலைக்காரி கயிற்றைத் தடவிப் பார்த்தாள். ஓர் இழைகூட அறவில்லை, முடிச்சுகள்தான் வழுக்கியிருந்தன. கண்ணை மூடிக்கொண்டு போடுகிற முடிச்சு. வலையில் ஒருநாளும் வழுக்கியதில்லை. கொட்டகையில் மட்டும் ஏன்?

சட்டென்று நெற்றியில் அடித்துக்கொண்டாள். வலையில் அவள் முடிச்சுப் போட்டதோடு சரி. அதை நனைத்தது கடல். மீன் கனம் இழுத்து இறுக்கியது. இந்த ஊஞ்சலோ முடிச்சுப் போட்டபின் பொட்டுத் தண்ணீர் படாமல் தொங்கியது.

"பாதி வேலையைக் கடல் பார்த்துக்கும்னு பழக்கதோஷத்துல விட்டுட்டேன்டி," என்றாள் நாத்தனாரிடம். பிறகு கொழுந்தனைப் பார்த்தாள். "தம்பி, கால்சட்டையை மடிச்சு விடுங்க. கனம் வேணும்."

"நான் என்ன எடைக்கல்லா?"

"உங்களை விட்டா நம்ம வீட்டுல வேற எது கனமா இருக்கு?"

முடிச்சுகளை மறுபடி போட்டு, ஊஞ்சலைக் கடலில் ஊறவைத்து, படகுத்துறையின் குறுக்குக்கட்டையில் ஈரத்தோடு கட்டினார்கள். கொழுந்தன் ஏறி உட்கார்ந்து எம்பி எம்பி அமுக்கினான். கயிறு கிறீச்சிட்டது. அலை எழும்பி அவனை முழுக்காட்டியது.

படகிலிருந்து ஒருவன் கத்தினான்: "என்னப்பா, தொட்டில்ல போட்டுட்டாங்களா?"

"எங்க அண்ணி கட்டினதுடா! என்னைத் தாங்குது, பாத்துக்க. உன் படகு தாங்குமா?"

வலைக்காரி தலையைக் குனிந்துகொண்டாள், சிரிப்பு தெரியாமலிருக்க. அவன் இறங்கியதும், முடிச்சு பிரிக்கிற குத்தூசியை ஒவ்வொரு முடிச்சிலும் நுழைக்கப் பார்த்தாள். ஒன்றிலும் நுனி இறங்கவில்லை. நல்ல தண்ணீரில் அலசிக் காயப்போட்டாள்.

மறுநாள் மருத்துவமனையில் ஊஞ்சலை மாட்டியது கொழுந்தன்தான். மாட்டியவன் யாரையும் கேட்காமல் தானே முதலில் ஏறி, கூரைவரை போகிறமாதிரி ஆடினான். இறங்குகிற வழியைக் காணோம்.

"இது எந்தக் கடையில வாங்கினது?" என்றார் நர்ஸ், பலகையிலிருந்து கண்ணெடுக்காமல்.

"கடையா?" ஆடிக்கொண்டே வாசல் பக்கம் கையை நீட்டினான். "பலகை எங்க அக்கா. கயிறு எங்க அண்ணி. கடல்ல கிடந்த குப்பைங்க இது, குப்பை!"

வாசலில் நின்ற வலைக்காரி கீறல் விழுந்த கைகளை மறைக்கவில்லை. கட்டுப்போட்ட கையோடு ஒரு சிறுமி ஊஞ்சலருகே வந்து நின்றாள்.

"மாமா, போதும். இறங்குங்க. இது எங்களுக்குக் கட்டினது."