இருபது தொட்டிகளும் ஒரு டீ டம்ளரும்

விதை சும்மா கிடப்பதில்லை, ஆள் பிடிக்கிறது என்பது அக்காவின் கட்சி. பீன்ஸ் விதையைத் தண்ணீரில் ஊறப்போட்டால் அதிலிருந்து ஒரு புரதம் கசியும். மண்ணில் திரியும் நல்ல பாக்டீரியாவை அந்தப் புரதம் கையைப் பிடித்து இழுத்துவந்து வேரில் உட்காரவைக்கும். உட்கார்ந்த பாக்டீரியா வேரில் முடிச்சு முடிச்சாக வீடு கட்டிக்கொண்டு, காற்றிலிருக்கும் நைட்ரஜனைச் செடிக்குப் பக்குவம் பண்ணிக் கொடுக்கும். இதை நிரூபிப்பதற்காக அவள் நான்கு வருடமாக ஆய்வகத்தில் குடியிருந்தாள். வீட்டில் யாராவது கல்யாணப் பேச்சை எடுத்தால், "முதல்ல பாக்டீரியா வந்து ஒட்டட்டும்" என்பாள். பெரியம்மா ஒரு கட்டத்தில் பாக்டீரியாவுக்காக வேண்டிக்கொள்ள ஆரம்பித்துவிட்டார்.

அக்கா என் பெரியம்மா மகள். கல்லூரிக் கடைசி வருடத்தில் நான் செய்ய வேண்டிய புராஜெக்டுக்கு அவள் என்னை உதவியாளாகச் சேர்த்துக்கொண்டாள். என் திறமையைப் பார்த்து அல்ல. என் அம்மா மூன்று முறை போன் செய்ததால்.

சோதனை எளிமையானது. இருபது தொட்டி, சுத்தமான மணல், எல்லாவற்றிலும் ஒரே பீன்ஸ், ஒரே பாக்டீரியா. இடது பக்கம் பத்துத் தொட்டிக்கு விதை ஊறிய புரதத் தண்ணீர். வலது பக்கம் பத்துத் தொட்டிக்கு வெறும் தண்ணீர். ஆறு வாரம் கழித்து வேரைப் பிடுங்கி முடிச்சுகளை எண்ண வேண்டும். திங்கட்கிழமைதோறும் விதையை ஊறவைத்து, தண்ணீரை வடித்து, மிக நுண்ணிய வடிகட்டியில் விட்டுக் கிருமி நீக்கி, தொட்டிகளுக்கு ஊற்றுவது என் வேலை.

அந்த வடிகட்டி ஒரு சொட்டு விடுவதற்குள் நமக்கு வயதாகிவிடும். அரை லிட்டருக்கு இரண்டு மணி நேரம். இது முதல் இடைஞ்சல்.

இரண்டாவது இடைஞ்சல் டேப் அம்மா. செடிகள் இருக்கும் அறைக்குச் சாவி அவரிடம்தான். ஆய்வகத்தில் ஆள் உயரத்துக்கு ஒரு குக்கர் உண்டு. அதற்குள் வைக்கும் பொருளில் ஒரு டேப்பை ஒட்டுவார்கள். நன்றாக வெந்தால் டேப்பில் கறுப்புக் கோடுகள் தெரியும். கோடு கறுக்காத எதையும் டேப் அம்மா உள்ளே விடமாட்டார். முன்னொரு காலத்தில் யாரோ கொண்டுவந்த பூஞ்சை அறை முழுவதும் பரவி, அவர் நான்கு நாள் சுவர் கழுவியிருக்கிறார். அக்காவிடம் வடிகட்டிய பாட்டில்களுக்கு விலக்குச் சீட்டு இருந்தது. அதைக் காட்டினால் டேப் அம்மா மூக்குக்கண்ணாடியைத் தேடி, இரண்டு முறை படித்து, பெருமூச்சு விட்டு, பிறகு கதவைத் திறப்பார்.

முதல் திங்கட்கிழமையே எனக்கு ஒரு யோசனை வந்தது. கிருமி சாகவேண்டும், அவ்வளவுதானே? பாட்டிலில் டேப்பை ஒட்டிக் குக்கரில் வைத்தேன். முக்கால் மணி நேரத்தில் கிருமி செத்தது, கோடு கறுத்தது, டேப் அம்மா என்னைப் பார்த்துச் சிரித்தார். அதன்பிறகு எல்லாத் திங்கட்கிழமையும் குக்கர்தான். புரதமும் உள்ளே வெந்து அவித்த முட்டை மாதிரி ஆகியிருக்கும் என்று நான் யோசிக்கவில்லை. பாடத்தில் அது இருந்தது. நான் அந்த வகுப்பில் இல்லை.

மூன்றாவதாக, கைகழுவும் தொட்டி அடைத்துக்கொண்டிருந்தது. 'ஒரு சொட்டும் ஊற்றக்கூடாது' என்று எழுதி ஒட்டியிருந்தார்கள். குக்கருக்குப் போகாத, விதை ஊறிய தண்ணீர் வாராவாரம் ஒரு லிட்டர் மிஞ்சியது. செடி அறைக்குள் பார்த்தேன். வலது பக்கத்துப் பத்தும் பாவம், வெறும் தண்ணீர் குடித்துக்கொண்டு நின்றன. டேப் அம்மா சாப்பிடப்போன நேரத்தில் ஆளுக்கொரு டீ டம்ளர் ஊற்றினேன். ஆறு வாரமும்.

ஏழாவது வாரம், புதன்கிழமை, அக்கா வேர்களைக் கழுவி மேசையில் பரப்பினாள். இடது பக்கத்துச் செடிகள் மஞ்சள் காமாலை வந்தவை போல இருந்தன. வேரில் இரண்டு மூன்று முடிச்சு, நறுக்கினால் உள்ளே வெளுப்பு. வலது பக்கம் பச்சைப் பசேல். வேருக்கு முப்பது நாற்பது முடிச்சு, நறுக்கினால் ரோஜா நிறம். ரோஜா நிறம் என்றால் உள்ளே வேலை நடக்கிறது என்று அர்த்தம்.

"வலது பக்கத்துல பத்தாவது தொட்டி மட்டும் ஒதுங்கி நிக்குது பாரு. அஞ்சே முடிச்சு" என்றாள் அக்கா. குரலில் உயிரே இல்லை. "மத்ததெல்லாம் வெறும் தண்ணிக்கு வளந்திருக்கு. என் புரதம் விஷம்டா."

"அப்படிச் சொல்லாதக்கா."

"வேற எப்படிச் சொல்ல? வெள்ளிக்கிழமை கமிட்டி. ரிசல்ட் இல்லன்னா பிஎச்.டி. லிஸ்ட்லேருந்து பேரை அடிச்சிடுவாங்க. நாலு வருஷம்டா! அம்மாகிட்ட என்னன்னு சொல்வேன்?"

நான் இடதையும் வலதையும் பார்த்தேன். சோதனையை இதைவிடத் துல்லியமாக யாராலும் தலைகீழாக்க முடியாது. பாராட்டு எதிர்பார்க்க வேண்டிய நேரம் அது இல்லை என்பதால் வாயை மூடிக்கொண்டேன். வியாழக்கிழமை முழுக்க மூடியே வைத்திருந்தேன். அன்று அக்கா தன் ஆய்வின் தலைப்பை மாற்றி எழுதினாள்: விதைப் புரதம் பாக்டீரியாவைத் துரத்துகிறது.

வெள்ளிக்கிழமை பதினொரு மணி. மேசைக்கு அந்தப் பக்கம் அக்காவின் கைடு, துறைத் தலைவர், வேறு கல்லூரியிலிருந்து வந்திருந்த தேர்வாளர் அம்மா. அவர் அதுவரை ஒரு முறைகூடத் தலையாட்டவில்லை. கணினியில் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளுவது என் பொறுப்பு. நான்காவது படத்தில் 'துரத்துகிறது' வரவேண்டும். அக்கா தொண்டையைக் கனைத்தாள். என் விரல் நகரவில்லை.

"அடுத்தது" என்றாள். "டேய், அடுத்தது!"

"அடுத்தது தப்புக்கா."

கைடு நிமிர்ந்தார். "என்னப்பா தப்பு?"

"புரதத்தை நான் வேகவெச்சுட்டேன் சார்."

கைடு பக்கம் திரும்பி மீதியையும் சொன்னேன். "அது மட்டும் இல்ல சார். வேகாத தண்ணி மிச்சம் இருந்துச்சு. அதை வலது பக்கத் தொட்டிக்கு ஊத்திட்டேன். சிங்க் அடைச்சிருந்துச்சு."

கைடு கண்ணை மூடிக்கொண்டார். அக்கா என்னைப் பார்த்த பார்வைக்கு டேப் ஒட்டியிருந்தால் கோடு கறுத்திருக்கும். தேர்வாளர் அம்மாதான் பேனாவைத் திறந்தார்.

"எவ்வளவு ஊத்தினே?"

"ஒரு டம்ளர் மேடம்."

"எந்த டம்ளர்?"

"டீ டம்ளர். சின்னது."

"பத்துக்கும் ஒரே அளவா?"

"ஆமா மேடம். கடைசித் தொட்டிக்கு மட்டும்... அங்க போறதுக்குள்ள தீந்துடும். அடியில இருக்கிற கொஞ்சத்தை ஊத்துவேன்."

"கடைசின்னா?"

"பத்தாவது" என்றாள் அக்கா. நான் இல்லை, அக்கா. அவள் எழுந்து வந்து பழைய படத்துக்கு நகர்த்தினாள். ஒன்பது வேர்களில் முடிச்சு அப்பியிருந்தது. பத்தாவதில் ஐந்து. "மேடம், தண்ணி கொறைஞ்ச எடத்துல முடிச்சும் கொறைஞ்சிருக்கு. வேகவெச்ச எடத்துல கிட்டத்தட்ட இல்லவே இல்ல."

தேர்வாளர் அம்மா முதன்முறையாகத் தலையாட்டினார். "இந்தப் பையன் ஊத்தினதை வெச்சு எதுவும் எழுத முடியாது. ஆனா திரும்பச் செஞ்சு பாக்கலாம். வேகவெச்சது, வேகாதது, பாதி அளவு, வெறும் தண்ணி. ஆறு மாசம் போதுமா?"

"போதும் மேடம்" என்றாள் அக்கா.

"அப்புறம் அந்த சிங்க்கை யாராவது சரி பண்ணுங்க" என்றார் அவர் துறைத் தலைவரிடம்.

வெளியே வராந்தாவில் அக்கா ஒன்றேகால் மணி நேரம் பேசினாள். நான் பிறந்ததிலிருந்து தொடங்கி, என் அம்மாவின் மூன்று போன்கள் வழியாக, டீ டம்ளரில் வந்து முடித்தாள். நடுவில் நான் ஒரு முறை "அக்கா" என்றேன். அதற்குத் தனியாகக் கால் மணி நேரம்.

பிறகு புது மணல் மூட்டையை என் தலையில் ஏற்றிச் செடி அறைக்கு அழைத்துப் போனாள். வாசலில் டேப் அம்மா கையை நீட்டி மறித்தார்.

"மூட்டையில டேப் இருக்கு, சரி. தம்பி கழுவின கையோடதான் வருதா?"

அக்கா மூட்டையிலிருந்து ஒரு துண்டு டேப்பைக் கிழித்து என் நெற்றியில் ஒட்டினாள்.

"இவனை இப்பதான் வேகவெச்சேன். விடுங்க."

டேப் அம்மா மூக்குக்கண்ணாடியை மாட்டி, கிட்டே வந்து கோடுகளைப் பார்த்தார்.

"நல்லாவே கறுத்திருக்கு" என்று கதவைத் திறந்தார்.