தாடையைக் கொஞ்சம் இறக்குங்க

கூட்ட அறையின் கதவைத் திறந்ததுமே அவள் வந்த வழியே திரும்பியிருப்பாள். பின்னால் மேலாளர் நின்றதால் முடியவில்லை.

"வாங்க மேடம். போட்டோகிராபர் ரெடியா இருக்காங்க. நல்லா சிரிச்சு ஒண்ணு எடுத்துக்கோங்க" என்று அவளை உள்ளே விட்டுவிட்டு அவர் போனார்.

மேசைகளை ஓரங்கட்டி, சுவரில் சாம்பல் துணி தொங்கவிட்டிருந்தார்கள். இரண்டு குடைவிளக்குகளுக்கு நடுவே கேமராவை ஸ்டாண்டில் பொருத்திக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள். அவளுடைய முன்னாள் நாத்தனார். விவாகரத்து வாங்கிய நாளோடு தலைமுழுகிவிட்டதாக நினைத்த குடும்பம், கேமராவும் கையுமாக அவள் அலுவலகத்துக்கே வந்துவிட்டது.

லிஃப்ட் பொருத்திப் பழுதுபார்க்கும் அந்த நிறுவனத்தில் அவள் இப்போதுதான் பழுதுபார்ப்புப் பிரிவின் தலைவியாகியிருந்தாள். புதிய இணையதளத்துக்குப் பிரிவுத் தலைவர்கள் எல்லாருடைய படமும் வேண்டுமாம். போட்டோ என்றாலே அவளுக்கு ஆகாது. கேமராவைக் கண்டதும் தோள் காதுவரை ஏறிவிடும், உதடு ஒட்டிக்கொள்ளும், கையிரண்டும் யாரோ இரவல் கொடுத்தவை போலத் தொங்கும். புகுந்த வீட்டில் அவளுக்குக் கொடிக்கம்பம் என்றே பெயர் வைத்திருந்தார்கள். வைத்தவள் இதோ எதிரில் நிற்கிறாள்.

"அந்த டேப் ஒட்டின இடத்துல நில்லுங்க, மேடம்" என்றாள் நாத்தனார். அண்ணி என்று கூப்பிட்ட வாய்.

அவள் போய் நின்றாள்.

"நேரா நிக்காதீங்க. பாஸ்போர்ட் படமா எடுக்கறோம்? உடம்பைக் கொஞ்சம் பக்கவாட்டில திருப்புங்க. பாரத்தைப் பின்கால்ல போடுங்க. தோளை இறக்குங்க. இன்னும். தாடையை முன்னாடி கொண்டு வந்து, கொஞ்சம் இறக்குங்க. மூச்சைப் பிடிக்காதீங்க. வெளிய விடுங்க."

"ஒண்ணொண்ணா சொல்லு. நான் என்ன சர்க்கஸ்லயா இருக்கேன்?"

"கையை என்ன பண்றதுன்னு தெரியலன்னா ஒண்ணைப் பாக்கெட்ல போடுங்க. கண்ணை மூடிட்டு, நான் சொன்னதும் திறங்க. அப்பதான் பார்வையில உயிர் இருக்கும்."

கண்ணை மூடியதும் அவளுக்கு நீதிமன்றத்தின் நடைக்கூடம்தான் தெரிந்தது. அன்று உள்ளே விசாரணையில் கணவனின் வக்கீல் கல்யாண ஆல்பத்தைக் கொண்டுவந்து நீதிபதியின் மேசையில் வைத்தார். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை விறைத்த முகம், இறுகிய உதடு. 'இந்தப் பெண் முதல் நாளே விருப்பமில்லாமல்தான் வந்திருக்கிறாள், பாருங்கள்' என்றார். நீதிபதி ஆல்பத்தைத் திறந்துகூடப் பார்க்காமல் ஒதுக்கி வைத்தார். ஆனால் வெளியே நடைக்கூடத்துக்கு வந்ததும் பெற்ற தாயே அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "ஏண்டி, ஒரு படத்துலயாவது சிரிச்சிருக்கக் கூடாதா?" என்று கேட்டாள். அதைத்தான் அவளால் இன்றுவரை செரிக்க முடியவில்லை.

அந்தக் கல்யாணத்துக்குப் படம் எடுத்தது நாத்தனார். அப்போதுதான் தொழில் பழகிக்கொண்டிருந்தாள்.

"திறங்க."

திறந்தாள். வெளிச்சம் பளிச்சென்று அடித்தது.

"ம்ஹும். பல்வலிக்காரங்க மாதிரி இருக்கீங்க" என்றாள் நாத்தனார், கணினித் திரையைப் பார்த்தபடி. கேமராவை விட்டு விலகி, ரிமோட்டைக் கையில் எடுத்துக்கொண்டு ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். "லென்ஸைப் பாக்காதீங்க. என்னைப் பாருங்க. ஏதாவது பேசுங்க. பேசினாதான் முகம் இளகும்."

"பேசணுமா? சரி, பேசறேன்." அவளுக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. "கல்யாணத்தன்னிக்கு எல்லாரும் வரிசையா நிக்கும்போது உங்க சித்தப்பா நாற்காலியோட மல்லாந்து விழுந்தாரே, ஞாபகம் இருக்கா? கண்ணுல தண்ணி வர்ற அளவுக்குச் சிரிச்சேன். நீ நேர் எதிர்ல கேமராவோட நின்னுட்டிருந்த. அந்தப் படம் எங்க?"

"எடுத்தேன். நல்லாவே வந்துச்சு."

"ஆல்பத்துல இல்லையே."

"போடல."

"வேணும்னே போடாம விட்ட."

"ஆமா, வேணும்னேதான்." நாத்தனார் கண் இமைக்கவில்லை. "உங்களை மூஞ்சி தொங்கிப்போன ஆளா காட்டணும்னு தோணுச்சு. காட்டினேன். அண்ணன் அதைக் கோர்ட்டுக்குக் கொண்டுபோவான்னு நான் கனவா கண்டேன்? அதுக்காக அழவும் இல்ல."

"அப்படி நான் உனக்கு என்னடி பண்ணேன்?"

"என்ன பண்ணீங்களா? உங்க நிச்சயத்துக்கு எங்க வீட்டுக்கு வந்தப்பவே ஆரம்பிச்சுட்டீங்க. அன்னிக்கு என்னையும் பொண்ணு பாக்க ஒரு குடும்பம் வந்திருந்தாங்க. பொண்ணு என்ன வேலை பாக்குதுன்னு அந்தப் பையனோட அம்மா கேட்டாங்க. நீங்க என்ன சொன்னீங்க? கல்யாண வீடு கல்யாண வீடா போய் ஓசிச் சாப்பாடு சாப்பிடற வேலைன்னு சொன்னீங்க."

சொன்னது நினைவில் இருந்தது. புது இடத்தில் நாலு பேர் முன்னால் கலகலப்பாகத் தெரிய வேண்டும் என்ற பதற்றத்தில் உளறியது.

"தமாஷுக்குச் சொன்னேன்."

"எல்லாரும் சிரிச்சாங்களே! அந்தப் பையன்தான் விழுந்து விழுந்து சிரிச்சான். போனவங்க போனவங்கதான். அதுக்கப்புறம் ஒரு வருஷம் எங்க அம்மா என் கேமராவைப் பாக்கும்போதெல்லாம் கரிச்சுக் கொட்டினாங்க. நீங்க அதையெல்லாம் பாத்துட்டு காபி ஆத்திக்கிட்டு இருந்தீங்க, அண்ணி."

அண்ணி என்ற சொல் அறைந்தாற்போல் விழுந்தது. அப்போதுதான் அவள் கவனித்தாள். வெளிச்சம் விட்டு விட்டு அடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. பேச்சு முழுக்க நாத்தனாரின் கட்டைவிரல் ரிமோட்டை அழுத்திக்கொண்டிருந்தது.

"நிறுத்துடி!"

"நிறுத்தியாச்சு. வந்து பாருங்க."

திரையில் அவளே வரிசையாக நின்றாள். தோள் இறங்கியிருந்தது, கை தன்னிஷ்டத்துக்கு ஆடியிருந்தது. எதிலும் கொடிக்கம்பத்தைக் காணோம். நாத்தனார் ஒன்றைப் பெரிதாக்கினாள். உதடு லேசாகத் திறந்து, கண் தாழ்ந்து, சட்டென்று தளர்ந்துபோன முகம். ஓசிச் சாப்பாடு என்று கேட்ட நொடி.

"இதுதான் சரியான படம். இதையே குடுத்துடறேன்."

"அழி."

"எவ்வளவு நல்லா வந்திருக்கு! உங்க ஜென்மத்துக்கு இனி இப்படி அமையாது."

"எந்தப் படத்தைக் குடுக்கணும்னு முடிவு பண்ணற வேலை உனக்கு வேண்டாம். ஒருதரம் பண்ணினது போதும். அழி."

நாத்தனார் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு அழித்தாள். அவள் மவுசைப் பிடுங்கித் தானே ஒவ்வொன்றாகப் பார்த்து, விரலை நீட்டி எதிரியை நேருக்கு நேர் கேட்கும் படத்தில் நிறுத்தினாள்.

"இது."

"இதுல சண்டைக்கு வர்ற மாதிரி இருக்கீங்க."

"லிஃப்ட் நடுவுல நின்னுபோய் உள்ள மாட்டிக்கிட்டவங்க என்னைத்தான் கூப்பிடுவாங்க. அவங்களுக்கு இந்த மூஞ்சி போதும்."

வெளியே வந்தபோது ஜெயித்துவிட்டதாக நினைக்கப் பார்த்தாள், முடியவில்லை.

படத்தை மேலாளர் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார். அதோடு போயிருந்தால் பரவாயில்லை. சில வாரம் கழித்துப் பேருந்திலிருந்து பார்த்தால், கடைத்தெருவில் ஒரு ஸ்டுடியோவின் கண்ணாடிக்குப் பின்னால் ஆளுயரத்துக்கு அவளே விரலை நீட்டிக்கொண்டு நிற்கிறாள். அடுத்த நிறுத்தத்தில் இறங்கி விறுவிறுவென்று திரும்பி நடந்தாள்.

"என் படத்தை மாட்ட யாரைக் கேட்ட?"

"உங்க கம்பெனி சம்மதிச்சிருக்கு. வர்றவங்க எல்லாரும் இதைக் காட்டித்தான் கேக்கறாங்க, இவங்களை மாதிரி இயல்பா வேணும்னு." நாத்தனார் கல்லாவுக்குப் பின்னாலிருந்து எழுந்திருக்கவில்லை. "கழட்ட மாட்டேன். வேணும்னா ஒண்ணு பண்ணலாம். இது இங்கயே இருக்கட்டும். அந்தச் சிரிப்புப் படத்தைக் குடுத்துடறேன்."

அவளுக்கு இரண்டு அறை விட வேண்டும் போலிருந்தது. ஆனால் கை நீண்டது.

நாத்தனார் உள்ளே போய் அச்செடுத்து, உறையில் போட்டு மேசைமேல் தள்ளினாள். நன்றி என்று இவளும் சொல்லவில்லை, போயிட்டு வாங்க என்று அவளும் சொல்லவில்லை.

பேருந்தில் ஜன்னலோர இருக்கை கிடைத்தது. உறையைப் பிரித்தாள். தலையைப் பின்னால் சாய்த்து, பல்லெல்லாம் தெரிய அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் மாப்பிள்ளைக் கோலத்தில் அவன். அவன் அந்தப் படத்தில் இருப்பான் என்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது. விழுந்தவரையோ கேமராவையோ அவன் பார்க்கவில்லை. அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

இதற்காகத்தான் கொடுத்தாளா படுபாவி என்று நினைத்தாள். அவனை மட்டும் கிழித்து எறிந்துவிடலாம் என்று ஓரத்தைப் பிடித்தாள். எங்கே கிழித்தாலும் அவள் தோளும் சேர்ந்துதான் கிழியும். அவன் கை அங்கே இருந்தது. இறங்க வேண்டிய நிறுத்தம் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.