முப்பது தரம் தெரியாது

பல்கலைக்கழக ஆய்வுகூடத்தின் பின்பக்கப் பைப்படியில் மத்தேயு இரண்டாவது தரமாகத் தலைக்கு ஷாம்பு போட்டுக்கொண்டிருந்தார். தலையில் எண்ணெய் இருந்தால் கருவியின் கம்பிகள் மூளையின் அலைகளைப் பிடிக்காது என்று கடிதத்திலேயே எழுதியிருந்தது. மனைவி பீற்றிஸ் கேட்டால்தானே? "படிச்ச ஆக்களுக்கு முன்னால பரட்டைத் தலையோடயா போறீங்க?" என்று அரைப் போத்தல் எண்ணெயைக் கவிழ்த்துவிட்டுத்தான் அனுப்பியிருந்தாள்.

ஆய்வு இதுதான்: கம்பித் தொப்பியைப் போட்டுக்கொண்டு திரையில் வரும் முகங்களைப் பார்க்க வேண்டும். தெரிந்த முகமென்றால் பச்சைப் பொத்தான், தெரியாததென்றால் சிவப்பு. படங்களை வீட்டாரிடமே வாங்கியிருந்தார்கள். பீற்றிஸ் வந்தாள். மகள் மேர்லின் வந்தாள். யாரோ ஒரு வெள்ளைக்காரன் வந்தான். பிறகு அன்ரோ வந்தான், கூடப்பிறந்த தம்பி.

மத்தேயுவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. திருநாளில் மாதா சுருவத்தை வைத்துச் சுமக்கும் பல்லக்கின் முன்பக்கத் தண்டை யார் தூக்குவதென்று இருவரும் முட்டிக்கொண்டு பதினொரு வருடம். "அவன்ர முகமே எனக்கு மறந்துபோச்சு" என்று பாதருக்கு முன்னாலேயே சொன்ன மனிதர் அவர். இந்தப் படம் யாருடைய வேலை என்று அவருக்குத் தெரியாதா என்ன? இன்றைக்குப் பச்சையை அழுத்தினால் அத்தனை வருட வீம்புக்கும் என்ன மரியாதை? சிவப்பையே அழுத்தினார். அந்த முகமோ விட்டபாடில்லை, திரும்பத் திரும்ப வந்தது. மூளையையும் வாயடைத்து வைக்க 'அருள் நிறைந்த மரியே' சொல்லத் தொடங்கினார்.

"அங்கிள், வாய அசைக்காதீங்க. கோடு குழம்புது," என்றாள் ஆய்வு செய்யும் மதுஷா.

முடிந்ததும் அவள் கணினியைத் திருப்பிக் காட்டினாள். "இந்த முகத்த முப்பது தரமும் தெரியாதெண்டு அமத்தியிருக்கிறீங்க. ஆனா அன்ரிட முகத்துக்கு எழும்பின மாதிரியே இதுக்கும் கோடு எழும்புது."

"அது எண்ணெய்ட வேலை, மகள். வடிவாக் கழுவுபடல்ல."

"மறுகா ஒருக்கா எடுப்பமா?"

"வேணாம்!"

வெளியே விறாந்தை வாங்கில் அடுத்த ஆளாக அன்ரோ உட்கார்ந்திருந்தான். நரைத்துப் போயிருந்தான், படத்தில் அது இல்லை. அவனைப் பிடித்து அனுப்பியதும் பீற்றிஸ்தான் என்பதில் சந்தேகமேயில்லை. தலை அப்படி மினுங்கியது.

மத்தேயு அவனைக் கடந்து படி இறங்கி, நின்றார். உள்ளே தன் படம் வந்தால் இவனும் சிவப்பைத்தான் அழுத்துவானோ?

"எண்ணெய் ஆகாதாம்," என்றார், தூணைப் பார்த்து. "கழுவிப்போட்டுப் போ."

அன்ரோ எழுந்தான். அவனும் தூணைத்தான் பார்த்தான். "எவடத்த?"

பைப்படியில் அவன் குனிய, மத்தேயு மிச்ச ஷாம்புவைப் பிதுக்கி ஊற்றினார். "பிடரியில இன்னும் இருக்குடா," என்று சொல்லித் தேய்க்கத் தொடங்கினார். உள்ளே மதுஷா அடுத்தவரின் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டேயிருந்தாள். நுரை இருவருடைய கால்களிலும் வழிந்துகொண்டிருந்தது.